வேரினி திரும்பி வந்த பக்கம்

லிஃப்ட் மெக்கானிக்குக் கோபம் வருவது அபூர்வம். நடுமாடியில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து வாய்க்கு வந்தபடி திட்டும்போதுகூடச் சிரித்துக்கொண்டே வேலை பார்ப்பான். 'பனிவாசல்' கதையில் யாராவது கை வைத்தால் மட்டும் ஆளே மாறிவிடுவான். ஐந்து பாகம் கொண்ட அந்த மாயக்கதையைப் பற்றிச் சண்டை போடுவதற்கென்றே ஒரு கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு சலவைக் கடையில் கூடும். கடைக்காரம்மாவுக்கும் அந்தப் பைத்தியம் உண்டு என்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை. துணி துவைக்கும் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே கத்த வேண்டும், அவ்வளவுதான்.

சண்டை எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். கடைசிப் பாகத்தின் கடைசி வரியில், பனிவாசலுக்கு வெளியே, மனித வாடையே இல்லாத கோபுரத்தில் ஒரு விளக்கு எரிகிறது. ஏற்றியது யார்? எழுதியவர் சொல்லவில்லை. நேரில் கேட்டவர்களிடமும் மழுப்பிவிட்டார். செத்துப்போன காவலனின் ஆவி என்றது ஒரு கட்சி. அது விளக்கே இல்லை, நிலா வெளிச்சம் என்றது இன்னொரு கட்சி. அவர்களை யாரும் மதிப்பதில்லை. மெக்கானிக்கின் கட்சிதான் பெரிது. ஏற்றியவர்கள் வேரினியும் தூவனும் என்பது அவன் வாதம்.

இந்த இருவரையும் சொல்லாமல் மேலே போனால் ஒன்றும் விளங்காது. வேரினி அக்கா, தூவன் நோயாளித் தம்பி. மூன்றாம் பாகத்தின் முடிவில் அவள் தம்பியை வெளியே பனியில் படுக்க வைத்துவிட்டு, நெருப்புத் தேடி வாசலுக்குள் போகிறாள். வாசல் ஒரு தடவை மூடினால் மூடியதுதான். அது மூடப் போகிற நேரத்தில் அவள் ஓடோடி வெளியே வந்துவிடுகிறாள். இருட்டில் தம்பிக்கு அடையாளம் தெரியட்டும் என்று தன் கோட்டுப் பொத்தானை அறுத்து அவன் உள்ளங்கையில் வைக்கிறாள். "வந்துட்டேன், தூங்கு" என்கிறாள். அதற்குப் பிறகு வரும் இரண்டு பாகங்களில் இருவரைப் பற்றியும் பேச்சே இல்லை. வெளியே உயிரோடு இருப்பவர்கள் அவர்கள்தானே, விளக்கை வேறு யார் ஏற்றுவார்கள்? கூட்டத்தில் மெக்கானிக்குக் கிடைத்த மரியாதை முழுவதும் இந்தப் பொத்தானால் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் ஒரு வேலையோடு வந்திருந்தார். எல்லா வாதங்களையும் ஆதாரத்தோடு கூட்டத்தின் இணையப் பக்கத்தில் போடப் போகிறார்களாம்.

"உங்க பொத்தான் எந்தப் பக்கத்துல வருது? எண் மட்டும் சொல்லுங்க, போட்டுடறேன்" என்றார்.

"மூணாம் பாகம், கடைசி அத்தியாயம். எண்ணெல்லாம் யாரு ஞாபகம் வெச்சுக்கறது டாக்டர்?"

"கடைசி அத்தியாயத்தைத்தான் நேத்து முழுசா பார்த்தேன். இல்லையே."

மெக்கானிக் சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை.

"பழைய பதிப்புல இருந்திருக்கும். அப்புறம் எடுத்துட்டாங்களோ என்னவோ" என்று நிலாக் கட்சிக்காரர் சமாதானம் செய்தார்.

கடைக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இல்லாம எப்படிப் போகும்? நான் அந்த இடத்துல அழுதிருக்கேன். அழுத இடம் எனக்குத் தெரியாதா?"

"அழுதீங்க, சரி. எந்தப் பக்கத்துல அழுதீங்க?"

கடைக்காரம்மா யோசித்தாள். இடது பக்கம், கீழே என்றாள். பிறகு, புத்தகத்தில் அழுதோமா, மெக்கானிக் சொல்லக் கேட்டு அழுதோமா என்று அவளுக்கே குழம்பிவிட்டது. துவைத்த துணியை மறுபடி மெஷினுக்குள் போட்டாள்.

இங்கே ஓர் உண்மையைப் போட்டு உடைக்க வேண்டியிருக்கிறது. பனிவாசலைக் கரைத்துக் குடித்தவன் என்று பெயர் வாங்கிய மெக்கானிக், மூன்றாம் பாகத்தைக் கண்ணால் படித்ததே இல்லை. சிறு வயதில் அவனுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்த நாட்களில் அக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். கட்டு அவிழ்த்ததும் நான்காம் பாகத்திலிருந்து அவனே படித்துக்கொண்டான். மற்ற நான்கையும் பல தடவை புரட்டியவன் மூன்றாவதைத் தொடவில்லை. அதுதான் மனப்பாடமாயிற்றே என்ற தெனாவட்டு.

டாக்டரின் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் ஓடும் அறையில், கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைத் திறந்தான். வேரினி போகிறாள். தூவன் கூப்பிடுகிறான். அப்புறம் இரண்டே வரி. 'வாசல் மூடியது. வேரினி திரும்பிப் பார்க்கவில்லை.' அதற்குக் கீழே வெறும் காகிதம்.

தாள் கிழிந்திருக்குமோ என்று தையலை விரித்துப் பார்த்தான். கிழியவில்லை. மதியம் நூலகத்துக்குப் போய்ப் பழைய பதிப்பை எடுத்துப் பார்த்தான், அதே இரண்டு வரி. முன்னாலிருந்து புரட்டினால் நிலைமை இன்னும் மோசம். வழியெல்லாம் வேரினியோடு வம்பளக்கும் நொண்டி நாயைக் காணோம். பனிப்பேயைத் தும்மியே விரட்டும் கிழவியைக் காணோம். இத்தனை வருஷம் தான் கட்டிக்காத்தது எந்தக் கதை என்றே அவனுக்குப் புரியவில்லை. உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்தான். அந்தப் பொத்தானைத் தொட்ட ஞாபகம் இருந்தது. கதையில் வரும் பொத்தானை ஒருவன் எப்படித் தொட்டிருக்க முடியும்?

வேலை முடிந்ததும் நேராக அக்காவிடம் போனான். அவள் ஒரு திரைச்சீலைக் கடையில் தையல்காரி. தரையில் ஆளுயரத் துணியை விரித்து, வாயில் குண்டூசிகளோடு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த முனையைப் பிடிடா" என்றாள், வாயைத் திறக்காமலே.

பிடித்தான். "அக்கா, பனிவாசல்ல வேரினி திரும்பி வருவாளா?"

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டுத்தான் பேசினாள். "எது, உனக்குக் கண்ணுல கட்டு போட்டிருந்தப்போ படிச்சதா?"

"அதேதான்."

"வருவா. ஏன்?"

"புக்குல வரல."

அவள் ஒரு மடிப்பைப் பிரித்து மறுபடி வைத்தாள். "அப்போ நான்தான் சொல்லியிருக்கணும்."

"நாய்?"

"அதுவும் நானாத்தான் இருக்கும். நீ சிரிச்சா கண்ணு வலிக்குதுன்னு சொல்லிட்டே சிரிப்ப."

"விளையாடாதக்கா. அந்தப் பொத்தானை வெச்சுத்தான் என் வாதமே நிக்குது. ஊரே நம்பிட்டிருக்கு. எதுக்கு மாத்துன?"

அக்கா மடிப்பை நீவினாள். கோபமா, வெட்கமா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

"அன்னைக்கு சாயந்தரம் வண்டி எனக்கு. வெளியூர் நாடக அரங்கத்துல உடை தைக்கிற வேலை கிடைச்சிருந்துதே, அதுக்கு. பெட்டி கட்டி வாசல்ல வெச்சிருந்தது. உனக்குத் தெரியாது. தெரிஞ்சா அழுவ, அழுதா கண்ணு கெட்டுடும்னு அம்மா சொல்ல வேண்டாம்னுட்டா. போறதுக்குள்ள அந்த அத்தியாயத்தை முடிச்சிடலாம்னு உட்கார்ந்தேன். பார்த்தா அதுலயும் ஒருத்தி தம்பியைப் போட்டுட்டுப் போறா. கிளம்பறதுக்குன்னு நான் போட்டிருந்த கோட்டை நீ பிடிச்சுக்கிட்டு, 'அவ வந்துடுவா இல்ல, வந்துடுவா இல்ல'ன்னு கேட்டுட்டே இருந்த. அந்த ரெண்டு வரி எனக்கு வாயில வரல. அந்தக் கோட்டுப் பொத்தானை அறுத்து உன் கையில வெச்சேன். நீயும் தூங்கிட்ட."

அந்த வேலை தள்ளிப்போனது என்றுதான் வீட்டில் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அப்புறம் கைவிட்டுப்போனது என்றார்கள். அவனும் அதைக் கேள்வியே கேட்காமல் நம்பியிருந்தான். விளக்கு ஏற்றியது யார் என்று வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவனுக்கு, வீட்டுக்குள்ளேயே கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருந்தது.

"நான்தான் தூங்கிட்டேனே. நீ போயிருக்கலாம் இல்ல?"

"எப்படிடா போறது? 'வந்துட்டேன், தூங்கு'ன்னு உன்கிட்ட சொல்லிட்டேன்."

அவன் கையில் பிடித்திருந்த முனை நழுவியது. அக்கா திட்டவில்லை. மடிப்பு கலைந்தால் வழக்கமாகத் திட்டுபவள்தான்.

அப்போது அவன் போனில், கூட்டத்தின் குழுவில் பல் டாக்டரிடமிருந்து செய்தி வந்தது. 'பக்க எண் கிடைச்சுதா?' அதற்குக் கீழே, 'இடது பக்கம், கீழே' என்று கடைக்காரம்மா போட்டிருந்தாள்.

மெக்கானிக் இரண்டையும் படித்தான். அவன் கட்சி அவ்வளவுதான், அடுத்த வாரம் நிலாக் கட்சிக்காரர்கூட அவனைப் பார்த்துச் சிரிப்பார். இரண்டு தடவை எதையோ தட்டி அழித்தான். கடைசியில் இப்படி அனுப்பினான்: 'புத்தகத்துல இல்ல. ஆனா அவ திரும்பி வந்தா.'

உடனே டாக்டர் கேட்டார்: 'எந்தப் பதிப்புல?'

மெக்கானிக் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, நழுவிப் போன முனையை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அக்கா ஊசிகளை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு அடுத்த மடிப்பை எடுத்தாள்.