டெல்மரின் சீட்

வெண்டெல் சாவியைத் திருப்பினான். வண்டி கம்மென்று கிடந்தது. ஒரு முனகல், ஒரு 'டிக்', எதுவும் இல்லை. காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ, எண்ணுவதை அவன் எப்போதோ விட்டுவிட்டான்.

ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி அது. டெல்மருடையது. அது நின்ற ஷெட் டெல்மர் கட்டியது. ஷெட்டுச் சுவரில் தொங்கிய ஒவ்வொரு ஸ்பேனரைச் சுற்றியும் வெள்ளைப் பெயிண்டில் கோடு போட்டு வைத்திருந்தவனும் டெல்மர்தான். எடுத்ததை இடம் மாற்றி வைத்தால் சுவரே முறைக்கும். லவோனும் முப்பத்தெட்டு வருஷம் டெல்மரின் மனைவியாக இருந்தவள். வெண்டெலின் மனைவியாகி இன்றோடு பதினொரு மாதம்.

செத்தவன் மேல் பொறாமைப்படுவது கேவலம் என்று வெண்டெலுக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், வயிறு எரிவது நிற்கவா போகிறது? டெல்மர் முன்னூறு பவுண்டு ஆள். வாசலில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராதாம். ஊரில் யாரைக் கேட்டாலும் அவன் தூக்கிய பாரத்தைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். வெண்டெல் மழையில் நனைந்த கோட்டோடு நின்றாலும் நூற்று முப்பதைத் தாண்டமாட்டான். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு டிரம்பெட் ஊதச் சொல்லிக்கொடுத்தவன், ரிட்டயர் ஆகும்வரை அபார்ட்மெண்டில் இருந்தவன். புல் வெட்டுவதெல்லாம் அவனுக்கு ஜன்னல் வழியாகப் பார்த்த வேலை.

சரி, செத்தவனையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவன் தம்பி கார்லண்டை எப்படிப் பொறுப்பது? அண்ணன் போனதிலிருந்து மூன்று கோடையாக, சனிக்கிழமை நாலு மணி அடித்தால் கார்லண்ட் வந்து நின்றுவிடுவான். அவனும் அண்ணன் மாதிரியே மலை. ஷெட்டைத் திறப்பான், வண்டியை எடுப்பான், வெட்டுவான், போகும்போது சமையலறைக்குள் போய்த் தானே குளிர்ந்த டீ ஊற்றிக் குடிப்பான். கல்யாணம் ஆகியும் அது நிற்கவில்லை. திடமாக நடமாடுகிற ஒருவனின் புல்லை இன்னொருவன் வந்து வெட்டினால் இந்தியானா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் என்ன பேசுவார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

போன சனிக்கிழமை வெண்டெல் வாயைத் திறந்தான். "அடுத்த வாரம் நானே வெட்டிக்கறேன், கார்லண்ட்."

கார்லண்ட் சிரித்த சிரிப்பில் டீ தரையில் சிந்தியது. "சரி வாத்தியாரே. எதுக்கும் நாலு மணிக்கு வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்."

நாளைக்கு டெல்மரின் சொந்தம் முழுக்கக் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு நேராக இங்கேதான் சாப்பிட வருகிறது. இருபத்திரண்டு பேர். மே மாதக் கடைசியில் வருஷா வருஷம் நடக்கிற வழக்கம். அத்தனை பேரும் இந்தப் புல்லில்தான் நாற்காலி போட்டு உட்காருவார்கள், "யார் வெட்டினது?" என்று கேட்பார்கள். "நான்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் அந்த வீட்டில் வெண்டெல் வந்து போகிற விருந்தாளிதான். இப்போது மணி மூன்றேகால்.

பெட்ரோல் புதுசு. பேட்டரியை ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டிருந்தான். அதன் முனைகளைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினான். ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தான், கம்பி அறுந்திருக்கவில்லை. ஸ்பார்க் பிளக்கை மாற்றினான். பிளேடைச் சுழலவிடும் லீவர் அணைப்பு நிலையில் கீழேதான் இருந்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் சாவியைத் திருப்பினான். புத்தகத்தில் போட்டிருந்த அத்தனையும் வரிசைப்படி செய்தாகிவிட்டது. சனியன் பிடித்த வண்டி அசையவில்லை. அதற்கும் இவனைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

லவோன் கையில் டீயோடு வந்தாள். மாவு ஒட்டிய கை, நாளைய விருந்துக்கு ஆப்பிள் பை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஆகலையா?"

"ஆகும்."

"கார்லண்டை வேணா சீக்கிரம் வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்!" ஷெட்டே அதிர்ந்தது. "எதுக்கெடுத்தாலும் கார்லண்ட், கார்லண்ட்! பேசாம அவனையே கட்டியிருக்கலாமே!"

"கட்டியிருக்கலாம்தான். அவன் என்கிட்ட இப்படிக் கத்தமாட்டான்." டீயை வண்டியின் மூடிமேல் நங்கென்று வைத்தாள். திரும்பினவள் சீட்டைப் பார்த்து நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள்போல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

பார்த்தாயா, சீட்டைக்கூட எப்படிப் பார்க்கிறாள் என்று வெண்டெலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதில் உட்கார்ந்திருந்தவனை நினைக்கிறாள். வேறென்ன?

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே கார்லண்டின் லாரி வந்து நின்றது. பூமி அதிர இறங்கி வந்தான்.

"என்ன வாத்தியாரே, புல்லு அப்படியே இருக்கு? பாட்டுப் பாடி வெட்டப் போறியா?"

"ஸ்டார்ட் ஆகல. வயர்ல எங்கயோ கோளாறு."

"நகரு." கார்லண்ட் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே எஞ்சின் கடகடவென்று எழுந்துகொண்டது.

வெண்டெலின் காது மடல் வரை ரத்தம் ஏறியது. சமையலறை ஜன்னலில் லவோனின் முகம் தெரிந்தது. இதையும் அவள் பார்க்கவேண்டுமா, கடவுளே!

"இவ்வளவுதான்! வா, உட்காரு," என்று கார்லண்ட் இறங்கினான். அவன் இறங்கினதும் எஞ்சின் அணைந்தது. வெண்டெல் ஏறினான், திருப்பினான். கம். கார்லண்ட் ஏறினான். கடகட. வெண்டெல் ஏறினான். கம்.

"வண்டிக்கு ஆள் தெரியுதுய்யா!" கார்லண்ட் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

வெண்டெல் அவமானத்தில் செத்தாலும் மூளை செத்துவிடவில்லை. மடமடவென்று சீட்டைத் தூக்கிப் பார்த்தான். அடியில் சின்ன ஸ்விட்ச் ஒன்று. ஆள் உட்கார்ந்தால் சீட் இறங்கி அதை அமுக்கும், அப்போதுதான் எஞ்சின் கிளம்பும். புத்தகத்தில் அதுவும் இருந்தது; வயர் மாட்டியிருக்கிறதா என்று காலையிலேயே தடவிப் பார்த்தும் இருந்தான். பார்க்காமல் விட்டது சீட்டைத் தாங்கிய ஸ்பிரிங்கை. கட்டைவிரல் தடிமனுக்கு ஒன்று, வெல்டு வைத்து ஒட்டியிருந்தது.

"இதுவா?" கார்லண்ட் எட்டிப் பார்த்தான். "கம்பெனி ஸ்பிரிங் அண்ணனுக்குத் தாங்கல. பழைய லாரி சீட்டுலேர்ந்து எடுத்துப் போட்டான்." சொல்லிவிட்டு வெண்டெலை மேலும் கீழும் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "அட, வாத்தியாரே! உனக்கு வெயிட்டு பத்தல!"

கோளாறு வண்டியில் இல்லை. டெல்மரின் இடத்தில் உட்கார இவன் போதவில்லை, அவ்வளவுதான். இதைவிடப் பச்சையாக யாரால் சொல்ல முடியும்?

"நகரு, நான் வெட்டிடறேன். அரைமணி வேலை," என்றான் கார்லண்ட். இப்போது அவன் குரலில் கிண்டல்கூட இல்லை, இரக்கம்தான் இருந்தது. அது இன்னும் மோசம்.

"நீ கிளம்பு, கார்லண்ட்." லவோன் புல்லைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். "நாளைக்குச் சாப்பிட வா. இன்னிக்கு எங்க புல்லை நாங்க வெட்டிக்கறோம்."

"எப்படி வெட்டுவீங்க? அவன் உக்காந்தா—"

"கிளம்புன்னேன்."

கார்லண்ட் தோளைக் குலுக்கிவிட்டு லாரியில் போய் ஏறினான். ஆனால் கிளம்பவில்லை. இந்தக் கூத்தைப் பார்க்காமல் போக அவனுக்கென்ன பைத்தியமா?

"உனக்கு முன்னாடியே தெரியும்," என்றான் வெண்டெல். "என் வெயிட்டுக்கு இது கிளம்பாதுன்னு தெரிஞ்சுதான் சீட்டைப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டுப் போனே. அவன் முன்னால நான் அசிங்கப்படணும், அதானே?"

"தெரியும்." லவோன் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். "டெல்மருக்கும் இது கிளம்பல, வெண்டெல். கடைசி வருஷம்."

"என்னது?"

"நூத்துப் பதினைஞ்சுக்கு வந்துட்டான். உன்னைவிடக் கம்மி. அவன் படுக்கையில கிடந்ததை நீ பாத்ததில்ல, நான் பாத்தேன். ஸ்பிரிங்கை மாத்துன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். உடம்பு தேறிடும், அப்புறம் மறுபடி மாத்தணும்னு சொல்லிட்டான். அடுத்தவன் வந்து தன் புல்லை வெட்டக் கூடாதுன்னும் சொல்லிட்டான். தம்பியும் கூடாது."

"பின்னே எப்படி...?"

"நான் மடியில உக்காந்தேன்." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்தா கிளம்பும். புதன்கிழமை சாயங்காலம் தெருவே சர்ச்சுல இருக்கும்ல, அப்ப வெட்டுவோம், ஒருத்தர் கண்ணுலயும் படாம. நான் ஜெபத்துக்கு வராம ஓடறேன்னு பாஸ்டர் வீடு தேடி வந்து பேசினார். ஒண்ணும் சொல்லல நான். கார்லண்டுக்கும் தெரியாது. உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன், வாய் வரல. சொல்லமாட்டேன்னு டெல்மருக்கு வாக்கு குடுத்திருந்தேன்."

வெண்டெல் சீட்டில் கை வைத்தபடி நின்றான். பதினொரு மாதமாக அவன் மல்லுக்கு நின்ற மலை, கடைசியில் இவனைவிட இளைத்துப்போய் இதே இடத்தில் உட்கார்ந்து சாவியைத் திருப்பியிருக்கிறது. கம்மென்றுதான் கிடந்திருக்கிறது. ஆனாலும் பாருங்கள், அந்த நேரத்திலும் அவன் மனசின் ஒரு மூலை 'மடியிலயா, மடியிலயா' என்று எரிந்துகொண்டேதான் இருந்தது.

"ஏறி உக்காரு," என்றாள் லவோன்.

"இன்னிக்கு சனிக்கிழமை. தெரு முழுக்க ஆள் நிக்குது. கார்லண்ட் வேற போகல."

"பாக்கட்டும். நீ என்ன ஒளிஞ்சு கட்டிக்கிட்ட புருஷனா?"

வெண்டெல் ஏறினான். அவள் ஏப்ரனைச் சுருட்டிக்கொண்டு அவன் மடியில் உட்கார்ந்தாள். சீட் மெல்ல இறங்கியது. பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் எழுந்தது.

முன்பக்கத்துப் புல்லில்தான் முதலில் இறங்கினார்கள். எதிர்வீட்டுக்காரன் கையிலிருந்த தண்ணீர்க் குழாயைத் தன் செருப்புமேலேயே பிடித்துக்கொண்டு நின்றான். கார்லண்ட் லாரிக்குள் வாயைத் திறந்தவன் மூடவில்லை. முதல் வரிசை கோணல்மாணலாக வந்தது.

"அவன் நேரா ஓட்டுவானா?" அந்தச் சத்தத்துக்கு மேலே வெண்டெல் அவள் காதில் கத்தினான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கோணலாத்தான்!" அவளும் கத்தினாள். "அழுதுகிட்டே ஓட்டுவான், எங்கேர்ந்து நேரா வரும்?"

வேலி ஓரம் வந்தது. வெண்டெல் அவள் இடுப்பைச் சுற்றி ஒரு கையை இறுக்கிக்கொண்டு, மறு கையால் வண்டியைத் திருப்பினான்.