அல்லியின் முதுகில் போட்ட பட்டு

பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்துவிடும். அதற்குள் குதிரை துள்ளிய காரணம் தெரியாவிட்டால் அல்லியை ஏற்றிச் சென்றுவிடுவார்கள். வாங்குகிறவருக்குக் கலைவாணன் காலையிலேயே வாக்குக் கொடுத்துவிட்டான்.

சத்யப்ரியா குதிரையின் நான்காவது குளம்பைத் தன் தொடைமேல் வைத்து, லாட ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். அல்லி காதைக்கூட அசைக்கவில்லை. ஆறு வருடங்களாகக் கல்யாண ஊர்வலங்களில் பேண்டு வாத்தியத்துக்கும் சரவெடிக்கும் நடுவே அசையாமல் நின்று பழகிய குதிரை அது. நேற்று மாலை பிள்ளையார்பாளையத்தில், கல்யாணப் பையன் சேணத்தில் உட்கார்ந்த நொடியில் முதுகை வில்லாக வளைத்துத் துள்ளியது. இரண்டாம் துள்ளலில் அவன் மணிக்கட்டு முறிந்து தரையில் கிடந்தான்.

"பல்லு பாத்துட்ட, காலு பாத்துட்ட. ஜாதகமும் பாத்துடேன்," என்றான் அண்ணன் கலைவாணன். தாமல் கிராமத்தில் இதே முற்றத்தில், அவன் வீட்டில்தான் அல்லி வளர்ந்தது.

"சும்மா இருண்ணா. வலிக்காம இது துள்ளாது."

"நேத்து கையோட போச்சு. நாளிக்கு எவனுக்காவது கழுத்து போச்சுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?"

அவள் அல்லியின் முதுகில் பழைய கம்பளியைப் போட்டு, சேணம் வைத்து, வயிற்றுப் பட்டையை இறுக்கித் தானே ஏறினாள். அல்லி முற்றத்தை மூன்று முறை சாதுவாகச் சுற்றி வந்து நின்றது. இறங்கியபோது அவள் முகம் முன்னைவிட இருண்டிருந்தது. துள்ளியிருந்தாலாவது ஒரு பிடி கிடைத்திருக்கும்.

"பாத்தியா? காரணமே இல்லாம துள்ளுற குதிரைதான் ஆபத்து."

மணி பதினொன்றரை. தறியை நிறுத்திவிட்டு அவளோடு வந்திருந்த கணவன் ஜெயக்குமார், ஓரமாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். சேணத்தை இறக்கும்போது கம்பளியின் பிய்ந்த விளிம்பு சத்யப்ரியாவின் விரலில் சிக்கியது. அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஏங்க, நேத்து இது இல்லியே. நீங்க நெய்ஞ்ச துணிதான போட்டோம்?"

"ஆமா. பட்டாச்சேன்னு நான்தான் மடிச்சு உள்ள பீரோல வெச்சேன்."

"எடுத்தாங்க."

அரக்குச் சிவப்பில் ஜரிகைப் பூக்கள் இறைத்த விரிப்பு. ஜெயக்குமார் அல்லிக்கென்றே நெய்து, நேற்றுத்தான் முதன்முறையாகப் போட்டிருந்தான். அடியில் பருத்தித் துணி வைத்துத் தைக்க அவள் சொன்னபோது அவன் ஒப்பவில்லை. நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் துணியைக் கையில் வாங்குகிறவர்கள், வேலை சுத்தமா என்று முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். பின்பக்கத்தை மூடித் தைத்த பட்டை அங்கே யாரும் நம்புவதில்லை.

சத்யப்ரியா விரிப்பைத் திருப்பினாள். ஒவ்வொரு பூவுக்கும் பின்னால், கத்தரித்த ஜரிகை நுனிகள் இரண்டு நாள் தாடிபோல நின்றன.

"தடவிப் பாரு, எவ்ளோ மெத்துன்னு இருக்குது," என்றான் ஜெயக்குமார் அவசரமாக.

அவள் தடவவில்லை. குதிரையின் முதுகில் தண்ணீர் தெளித்து, ரோமத்தை வகிர்ந்து பார்த்தாள். கறுத்த ரோமத்தின் அடியில் சிவந்த புள்ளிகள், பூ விழுந்த வரிசையிலேயே. ஒன்றை விரலால் அழுத்தினாள். அல்லியின் தோல் சிலிர்த்து நடுங்கியது. காதுகள் பின்னால் படிந்தன.

"கொசு கடிச்சிருக்கும்," என்றான் கலைவாணன். தெருமுனையில் வண்டியின் ஹாரன் கேட்டது.

"கைய நீட்டுண்ணா."

"எதுக்கு?"

"நீட்டு."

அவன் முன்கையைத் திண்ணைமேல் வைத்து, விரிப்பைப் பின்பக்கம் கையில் படும்படி போட்டு, அதன்மேல் சேணத்தை வைத்தாள்.

"ஒண்ணும் இல்லியே," என்றான் அவன்.

"நேத்து அதுவும் இப்படித்தான் சும்மா நின்னுச்சு. ஆளு ஏர்ற வரைக்கும்."

சொல்லிவிட்டுத் தன் முழு எடையையும் சேணத்தில் சாய்த்து, ஒருமுறை அசைந்தாள்.

"ஐயோ! விடுடீ!"

"நீ கத்துன. அது துள்ளிச்சு. அவ்ளோதான்."

கலைவாணன் கையைப் பார்த்தான். வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். வாசலில் வண்டி வந்து நின்றது. அவன் கையைத் தேய்த்துக்கொண்டே நடந்து, ஓட்டுநரிடம் ஏதோ சொன்னான். வண்டி பின்னால் நகரத் தொடங்கியது.

"குதிரைக்கு வேற துணியே கெடைக்கலியா மாப்ள உனக்கு?" என்றான் திரும்பி வந்து. "சரி, கை ஒடஞ்ச பையன்கிட்ட இத யாரு சொல்றது?"

ஜெயக்குமார் விரிப்பை மடித்தான். பூக்கள் உள்ளே போக, பின்பக்கம் வெளியே தெரிந்தது.

"நான் போறேன். இதையும் எடுத்துக்கினு போயி, திருப்பிக் காட்டிட்டே சொல்றேன்."