தலையாட்டியின் கேள்வி

பயிற்சி மையத்தில் ஆங்கில வகுப்பு மூன்று மணிக்குத் தொடங்கும். ஆசிரியை காலையிலிருந்து இரண்டு மணி வரை ஒரு பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு, பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு, இங்கே வந்து சேர்வார். முதல் வாரம் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒன்பதாவது வாரத்தில் ஏழு பேர்தான் மிச்சம். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். எழுதுவதையும் படிப்பதையும் எப்படியோ ஒப்பேற்றிவிடுவார்கள். காதால் கேட்டுப் பதில் எழுதும் தாளில்தான் கவிழ்வார்கள்.

அந்த ஏழு பேரில் ஒருத்திக்கு மற்றவர்கள் வைத்த பெயர் தலையாட்டி. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்ப்பவள். நாற்பதை நெருங்கும் வயது, இரண்டு பிள்ளைகள். ஸ்பீக்கரில் ஒலிப்பதிவு ஓடும்போது அதில் பேசுகிறவர் எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பாள். புரிந்ததா என்று ஆசிரியை கேட்டால் அதற்கும் ஒரு தலையாட்டல். ஆசிரியை அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். தலையாட்டாத ஆறு பேரைக் கவனிக்கவே அவருக்கு மூச்சு முட்டியது.

மாதிரித் தேர்வின் கேட்டு எழுதும் தாளில் அவள் நாற்பதுக்கு ஒன்பது வாங்கினாள்.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியை அவளை மட்டும் நிறுத்திவைத்தார். தாளில் பாதிக்கு மேல் வெள்ளையாகவே இருந்தது. கோபப்படத்தான் நினைத்தார். அதற்கும் தெம்பு இல்லை.

"ஒன்பது வாரமா தலையாட்டினீங்களேம்மா. புரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள். "சொன்னா நீங்க மறுபடி முதல்லேருந்து சொல்லணுமே டீச்சர். உங்க தொண்டை கெடக்கற கெடப்புல எப்படிக் கேக்கறது?"

வேலையிடத்தில் என்ன செய்கிறீர்கள் என்று ஆசிரியை கேட்டார். அங்கேயும் அப்படித்தான் என்றாள். பொறுப்பு நர்ஸ் ஆங்கிலத்தில் மளமளவென்று பேசுவாராம். ஒருமுறை மறுபடி சொல்லச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டதாம். அதிலிருந்து தலையாட்டிவிட்டு, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து அதையே தானும் செய்துவிடுவாளாம். இதுவரை தப்பு எதுவும் நடக்கவில்லை என்று அவளாகவே சேர்த்துக்கொண்டாள்.

அன்று ஆசிரியையின் வீட்டில் கணவர் அடுப்படியிலிருந்து ஏதோ கேட்டார். ஆசிரியை சோபாவில் சாய்ந்தபடியே தலையை ஆட்டினார். கணவர் கரண்டியோடு வெளியே வந்தார். "நான் கேட்டது ஆமா இல்லைன்னு சொல்ற கேள்வி இல்ல. நாளைக்கு நீ எத்தனை மணிக்குக் கெளம்பறேன்னு கேட்டேன்." ஆசிரியைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும் என்று அடக்கிக்கொண்டார்.

மறுநாள் வகுப்பில் ஸ்பீக்கரை அலமாரியிலிருந்து எடுக்கவே இல்லை. பலகையில் மூன்று வாக்கியங்களை எழுதிப்போட்டார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து முழு வகுப்பும் இந்த மூன்றைத்தான் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகினார்கள். கடைசி வரிசையிலிருந்த லாரி ஓட்டுநர் இதையே தன் மனைவியிடம் தமிழில் சொன்னால் வீட்டுக்குள் விடமாட்டாள் என்றார். தலையாட்டி மட்டும் சிரிக்காமல் மூன்றாவது வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

அந்த வாரம் ஆய்வுப் பயிற்சியும் ஆரம்பமானது. பதில் தெரியாத ஒரு கேள்வியை ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை மூன்று பேரிடம் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். பிறகு நூலகத்தில் ஒரு புத்தகத்திலாவது தேடிப் பார்த்து, எது எதோடு ஒத்துப்போகிறது, எது இடிக்கிறது என்று வகுப்பில் சொல்ல வேண்டும். ஓட்டுநர், பாலத்துக்குப் பக்கத்து சிக்னலில் சிவப்பு ஏன் அவ்வளவு நேரம் எரிகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். தலையாட்டி எழுதிக் கொடுத்தது இது: ஆறாம் அறைப் பெரியவர் தண்ணீர் குடிக்கும்போது ஏன் இருமுகிறார்?

பெரியவர் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது பேச்சு குளறும். அவருக்குச் சாப்பாடு ஊட்டுவது இவள் வேலை. அரைத்த சாப்பாடு ஒழுங்காக இறங்கும். தண்ணீரோ டீயோ கொடுத்தால் முகம் சிவக்க இருமுவார், கண்ணில் நீர் தளும்பும்.

பத்து நாள் கழித்து மூன்று பதில்களோடு வந்தாள். சமையல்காரர், டீ சூடாக இருந்திருக்கும் என்றார். மூத்த பராமரிப்பாளர், வயதானால் எல்லாருக்கும் வருவதுதான் என்றார். பெரியவரின் மகள், அப்பா அந்தக் காலத்தில் சிகரெட்டாக ஊதித் தள்ளியவர் என்றார். மூன்றையும் அவள் குறிப்பேட்டில் பிழைகளோடு எழுதியிருந்தாள். ஆசிரியை பிழைகளைத் திருத்திவிட்டு, வகுப்பில் சொல்ல இது போதும் என்றார்.

"போதாது டீச்சர்," என்றாள் அவள். "மூணு பேருமே நான் கேட்டதுக்குப் பதில் சொல்லல. தண்ணிக்கு மட்டும் ஏன்னுதான் கேட்டேன். சிகரெட்டுன்னா சாப்பாட்டுக்கும் இருமணும்ல? பச்சைத் தண்ணி எங்க சுடுது?"

ஆசிரியை பேனாவை மூடிவைத்தார். ஒரு பதில் கேள்விக்குப் பொருந்துகிறதா என்று கேட்டுப் பிரித்துப் பார்ப்பதைத்தான் அவர் பத்து வாரமாக ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுக்கப் பார்த்தார்.

சனிக்கிழமை அவருக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு. அதில் பாதியை விட்டுக்கொடுத்து அவளோடு நூலகத்துக்குப் போனார். தடித்த நர்சிங் புத்தகம் ஒன்றை எடுத்து அவள் முதல் பக்கத்திலிருந்தே படிக்க ஆரம்பித்தாள். ஆசிரியை புத்தகத்தைப் பின்பக்கமாகத் திருப்பி, அகர வரிசையில் சொற்களும் பக்க எண்களும் இருக்கும் பட்டியலைக் காட்டினார். விழுங்குதல் என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தேடி அவள் விரல் மெல்ல இறங்கியது. ஒன்றரைப் பக்கத்தைப் படிக்க ஒரு மணி நேரமானது. நடுவில் ஆசிரியை மேசையில் கை வைத்துக் கண்ணயர்ந்துவிட்டார். அவள் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"டீச்சர், நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க. விழுங்கற சக்தி கொறைஞ்சவங்களுக்குத் தண்ணி மாதிரி இருக்கறது மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். கெட்டியா இருந்தா போகாது. நுரையீரல்ல சளி கட்டிக் காய்ச்சல் வரலாம். அதுக்குன்னு இருக்கற நிபுணர் வந்து பாக்கணும்."

ஆசிரியை பக்கத்தைப் படித்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

"அவருக்கு ரெண்டு நாளா உடம்பு லேசா சுடுது டீச்சர்," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி.

இல்லத்துக்குத் தானே போன் பண்ணிச் சொல்வதாக ஆசிரியை சொன்னார். அவள் குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்தாள். பிறகு, தினமும் அங்கே நிற்கப்போவது தான்தான் என்றும், தானே சொல்லிப் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டு அங்கிருந்தே வேலைக்குப் போனாள்.

அடுத்து நடந்ததை அவள் செவ்வாய்க்கிழமை வந்துதான் சொன்னாள். பொறுப்பு நர்ஸ் மருந்துத் தள்ளுவண்டியோடு நடந்துகொண்டே கேட்டாராம், வழக்கம்போல் மளமளவென்று ஏதோ சொன்னாராம். இவள் தலையாட்டிவிட்டாள். தாழ்வாரத்தின் கோடி வரை வந்த பிறகுதான் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. திரும்பப் போய், எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றாள். நர்ஸின் முகம் மாறத்தான் செய்தது. பதிவுத்தாளில் எழுதிவை என்றார், இந்தத் தடவை மெதுவாக.

"நான் மூணாவது வாக்கியத்தைச் சொன்னேன் டீச்சர். நான் எழுதி வைக்கணும், நீங்க டாக்டர்கிட்டச் சொல்வீங்க, சரியான்னு கேட்டேன்."

"அவங்க டாக்டர்கிட்டச் சொல்றேன்னு சொன்னாங்களா?"

"இல்ல. சொல்லவே இல்ல. ஆனா நான் அப்படிக் கேட்டதும் வண்டியை நிறுத்திட்டாங்க."

நர்ஸ் ஆறாம் அறைக்குப் போய்த் தன் கையாலேயே இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். பெரியவர் முகம் சிவக்க இருமினார். அன்றைக்கே மருத்துவர் வந்தார். காய்ச்சல் அதற்குள் ஏறியிருந்தது. நுரையீரலில் சளி கட்டத் தொடங்கிவிட்டது என்று பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் இதைச் சொன்ன செவ்வாய்க்குப் பிறகும் அங்கேயே இருந்து, பதினோராம் நாள் மெலிந்து திரும்பி வந்தார். இப்போது அவருக்குத் தண்ணீரிலும் டீயிலும் ஒரு மாவைக் கலக்கிக் கெட்டியாகக் கொடுக்கிறார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறார், ஆனால் இருமுவதில்லை. நர்ஸ் இவளைப் பாராட்டவெல்லாம் இல்லை. அந்தத் தளம் முழுவதற்கும் பதிவுத்தாள் எழுதும் வேலையை இவள் தலையில் கட்டினார். வாய் திறந்ததற்குக் கிடைத்த பரிசு என்று அவள் வகுப்பில் சொன்னபோது ஓட்டுநர் கைதட்டினார்.

இதற்கிடையில் எழுதியிருந்த தேர்வின் முடிவு மாதக் கடைசியில் வந்தது. ஏழு பேரில் நான்கு பேர் தேறியிருந்தார்கள். கேட்டு எழுதும் தாளில் தேற இருபத்துநான்கு வேண்டும். தலையாட்டிக்கு இருபத்திரண்டு. மைய மேலாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு, தேறாதவர்களை அடுத்த அணியில் சேர்த்தால் தேர்ச்சி விகிதம் படுத்துவிடும், யோசித்துச் செய்யுங்கள் என்றார். ஆசிரியை விண்ணப்பத் தாளை எடுத்து அவள் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, மேலாளர் மேசையில் வைத்துவிட்டு வந்தார். வாதாட அவரிடம் குரல் இல்லை.

வெளியே படிக்கட்டில் நின்று அவளுக்குப் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னார். பின்னால் யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது.

"ரெண்டு மார்க்கா?" என்றாள் அவள்.

"ரெண்டே மார்க்."

"ஒன்பதுலேருந்து வந்திருக்கேன்ல டீச்சர்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். வகுப்பு மறுபடி எப்போது என்று கேட்டாள். இரண்டு வாரம் கழித்து, திங்கட்கிழமை, அதே மூன்று மணி என்றார் ஆசிரியை. அவள் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு போனை வைத்தாள்.

பேருந்தில் ஆசிரியைக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. அசந்து தூங்கிவிட்டார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போன பிறகுதான் விழிப்பு வந்தது. இறங்கி, பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, வீட்டை நோக்கித் திரும்பி நடந்தார்.