மெனு அட்டையில் நிற்பவள்

எங்கள் ஹோட்டலின் மெனு அட்டையில் என் தாயாருக்குப் பின்னால் ஒரு பெண் நிற்கிறாள். தாயாரின் வலது தோளில் கை வைத்திருக்கிறாள். அவள் எங்கள் உறவில் யாரும் இல்லை. உலகத்தில் அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை. ஆனால் அவள் நிற்கும் இடமும் அந்தக் கையும் என் தங்கை சாரதாமணியுடையவை.

சங்ககிரியை அடுத்து, கோவை நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது ஹோட்டல். அதற்கு முன் நான் பதினோரு லாரிகள் வைத்திருந்தவன். குமரகுரு லாரி என்றால் சொன்ன நாளில் சரக்கு இறங்கும் என்று பம்பாய் வரை பெயர் இருந்தது. இப்போது ஹோட்டலை என் மகன் சரவணக்குமார் நடத்துகிறான். இரண்டு வருடமாகக் கார்க்காரர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளிப் புதிதாக வந்த கடையில் சாமைப் பிரியாணி, ராகிப் பணியாரம், ஒவ்வொரு தட்டுக்கும் நேராக இத்தனை கிராம் புரதம் என்ற கணக்கு. நாமக்கல் முட்டையை வேகவைத்து நாலாக வெட்டிக் கீரைமேல் வைத்து, அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சூட்டியிருந்தார்கள். அதற்கும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

சரவணக்குமார் சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து அபிநயா என்ற பெண்ணை அழைத்து வந்தான். ஹோட்டல்களுக்கு மெனு மாற்றித் தருவது அவள் தொழில். வந்த அன்றே எங்கள் எண்பத்தாறு ஐட்டங்களில் அறுபதை அடித்தாள்.

"இத்தன எதுக்குங்க ஐயா? படிக்கறதுக்குள்ள பசி போயிரும். இருபத்தாறு போதும். அரைத் தட்டு வைங்க, தனியா வர்றவங்க ஜாஸ்தி. அப்புறம் முக்கியமா ஒரு கதை வேணும்."

"சாப்பாட்டுக்கு எதுக்கம்மா கதை?"

"இப்ப அதத்தானுங்க மொதல்ல சாப்பிடறாங்க. இத ஆரு செஞ்சா, எந்த ஊட்ல செஞ்சா, போட்டோ இருக்குதா, எல்லாம் கேக்கறாங்க. உங்க கொள்ளுக்கோழி வேற எங்கயும் இல்லியே. அத மொதல்ல ஆருங்க செஞ்சாங்க?"

"எங்கம்மா" என்றேன்.

அது பொய். கொள்ளுக்கோழி சாரதாமணி செய்தது. அவளுக்கு அப்போது பதினைந்து வயது. வேலகவுண்டம்பட்டியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் எட்டுப் பேர் விருந்துக்கு வந்துவிட்டார்கள். இருந்தது ஒரே ஒரு சின்னக் கோழி. எருதுகளுக்கு வேகவைத்திருந்த கொள்ளின் தண்ணீரை மொண்டு குழம்பில் விட்டுப் பெருக்கிவிட்டாள். வந்தவர்கள் விரலைச் சூப்பினார்கள்.

ஐந்து வருடம் கழித்து அவள் எங்கள் லாரி செட்டில் மெக்கானிக்காக இருந்த அப்துல் சலாமுடன் போய்விட்டாள். மூன்றாம் நாள் காலையில் என் தகப்பனார் குடும்பத்தாரைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். இழவு வீட்டில் குளிப்பதுபோல் எல்லோரும் தலைமுழுகினோம். அதோடு அவள் எங்களுக்குச் செத்தவள். ஈரத்துணியோடு போய், அவள் இருந்த படங்களையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டவன் நான். ஒன்றை மட்டும் எரிக்க முடியவில்லை, தாயாருக்கு வேறு படம் கிடையாது. கத்தரிக்கோலால் அவளை மட்டும் வெட்டி எடுத்தேன். தாயாரின் தோளில் இருந்த கையை வெட்டினால் தோளும் போய்விடும். கையை விட்டுவிட்டேன்.

அந்தப் படம் நாற்பத்து நாலு வருடம் சுவரில் தொங்கியது. அந்தக் கையை யாரும் கவனித்ததில்லை, சேலை மடிப்பு என்று நினைத்திருப்பார்கள். அத்தை ஒருத்தி இருந்ததே என் மகனுக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அபிநயா கேட்டபோது நானே அந்தப் படத்தைக் கழற்றிக் கொடுத்தேன்.

அட்டைகள் அச்சாகி வந்த அன்றுதான் தாயாருக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தேன்.

"ஓரம் கிழிஞ்சிருந்துச்சுங்க ஐயா. ஏ.ஐ.ல போட்டு சரி பண்ணச் சொன்னேன்" என்றாள் அபிநயா. "தோள்மேல ஒரு கை மட்டும் நின்னுச்சு. கைன்னு ஒன்னு இருந்தா அதுக்கு ஆளு வேணுமில்லீங்களா? அதுவே பாத்துப் போட்டுக்கிச்சு. நெஜ ஆளாட்டவே வந்திருக்குதில்லீங்க?"

"ஆருங்கப்பா இது?" என்றான் சரவணக்குமார்.

"ஆருமில்ல சாமி. மிசினு போட்ட பொம்பள."

"அப்ப இருக்கட்டும் உடுங்க. மொகம் லச்சணமாத்தான் இருக்குது."

வியாபாரம் ஏறியது. நான் மறைக்கவில்லை, ஏறத்தான் செய்தது. ஆட்கள் அட்டையைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுக்கோழியைப் படம் எடுத்தார்கள். திருப்பூர்க்காரர் ஒருவர் சமையலறைப் பக்கம் எட்டிப்பார்த்து, "இந்தம்மா உள்ள இருக்காங்களா, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன்" என்றார். பரிமாறும் பையன்கள் அவளைப் போட்டோக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு பெண் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதியிருந்ததைச் சரவணக்குமார் எனக்குப் படித்துக் காட்டினான். சாப்பிடும்போது பின்னால் யாரோ தோளில் கை வைத்து இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்று சொன்ன மாதிரி இருந்ததாம். அவன் சிரித்தான். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வைகாசியில் ஒரு மத்தியானம் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். கொள்ளு வேகும் மணம் வந்தது. அந்த விருந்து நாள் ஞாபகம் வந்தது. எருதுத் தாழியிலிருந்து சொம்பில் மொண்டுகொண்டு, நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்து, சொல்லாதே என்பதுபோல் சாரதாமணி திரும்பினாள். திரும்பிய முகம் அட்டையில் இருக்கும் முகம்.

கண்ணை மூடி மறுபடி யோசித்தேன். பாவாடை தெரிந்தது, சொம்பு தெரிந்தது, எருதுகள் தெரிந்தன. முகம் மட்டும் அதேதான். வழுவழுப்பான கன்னம், வரிசை பிசகாத பல். என் தங்கைக்குப் பல் வரிசையாகவா இருந்தது? மூக்கில் ஒற்றைக்கல்லா, வளையமா? அவள் காய்ச்சலில் கிடந்த நாள், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய நாள், என்னோடு சண்டை போட்டுச் சாப்பிடாமல் படுத்த நாள், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லா நாளிலும் இவள் போய் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேசையில் அட்டைமேல் குழம்பு சிந்தியிருந்தது. அந்தக் கறைக்கு அடியிலிருந்து அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாரதாமணியை வெட்டியவன் நான்தான். ஆனால் வெட்டியதை எங்கே வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"அந்தப் படத்த எடுத்துரு" என்றேன் மகனிடம்.

"காரணம் சொல்லுங்கப்பா. இல்லீனா வேற போட்டோ குடுங்க. அந்தம்மா மொகத்துக்குத்தான் ஆள் வருது."

மறுநாள் சேலம் போய், அங்கிருந்து ஆத்தூர் பஸ் பிடித்து வாழப்பாடியில் இறங்கினேன். மகனிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தேன். சலாமின் வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருப்பது எனக்கு எப்போதும் தெரியும். நாலு வருடத்துக்கு முன் சாரதாமணி இறந்த செய்தியும் வந்தது. முன்பு எங்களிடம் ஓட்டிய டிரைவர் ஒருவன் ஹோட்டலுக்குச் சாப்பிட வந்தபோது சொன்னான். உன் லாரி டயரில் காற்று சரியாக இருக்கிறதா பார் என்றேன் அவனிடம். என் தகப்பனார் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

கதவைத் திறந்த அப்துல் சலாம் முழுக்க நரைத்திருந்தார். என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

"வாங்க மச்சான்" என்றார்.

அந்த வார்த்தையை எங்கள் வாசலில் சொல்லியிருந்தால் அன்று அவர் உயிரோடு போயிருக்க மாட்டார். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"சாரதாமணி போட்டோ ஒன்னு வேணும்."

"ஓட்டலுக்கா? பேரன் போன்ல காட்டுனான். கொள்ளுக்கோழிக்கு உங்கம்மா பேரு போட்டிருக்கீங்க. பக்கத்துல எவளையோ நிக்க வச்சிருக்கீங்க." அவர் குரலில் கோபம் இல்லை. "மாட்டுத் தாழியில மொண்ட கதைய அவ நூறு தடவ சொல்லியிருப்பா. எங்கண்ணன் பாத்துட்டாரு, ஆனா ஆருகிட்டயும் சொல்லல, அப்பெல்லாம் நல்லவருன்னு சொல்லுவா."

"அவ செத்தப்ப நீங்க ஆள் அனுப்பல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"நீங்கதான் முன்னாடியே குளிச்சிட்டீங்களே மச்சான். ஒருத்திக்கு எத்தன தடவ குளிப்பீங்க?"

அவர் உள்ளே போய் ஒரு படத்தை எடுத்து வந்தார். பேத்தி கல்யாணத்தில் எடுத்தது. மணப்பெண்ணுக்கு இரண்டு பக்கமும் பெண்கள், ஏழெட்டுப் பேர், எல்லோரும் தலையில் முந்தானை போட்டிருந்தார்கள்.

"எடுத்துட்டுப் போங்க. அவ பேரையும் போடறதா இருந்தா மட்டும். சாரதாமணின்னே போடுங்க, நான் மாத்தச் சொல்லல. கடைசி வரைக்கும் அந்தப் பேருதான்."

பெயரைப் போட்டால் மகன் கேட்பான். மகனுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். ஆனால் அவர் என்ன கேட்டாலும் சரி என்று சொல்லிவிடும் முடிவோடுதான் வந்திருந்தேன். எனக்கு அந்த முகம் வேண்டும்.

"போடறேன்" என்றேன். படத்தில் ஒருத்திமேல் விரலை வைத்தேன். "அறுவது வயசுலயும் அப்படியே இருக்கறா."

சலாம் குனிந்து பார்த்தார்.

"அது என் தங்கச்சி" என்றார்.

நான் விரல் வைத்திருந்த பெண் வழுவழுப்பான கன்னத்தோடு, வரிசைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். சலாம் என் விரலைப் பிடித்து மெதுவாக நகர்த்தினார். ஓரத்தில், கண்ணாடி போட்ட ஒல்லியான ஒரு கிழவியின்மேல் கொண்டுபோய் வைத்தார்.

"இது."

என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முன்பல் ஒன்று ஏறியிருந்தது. மூக்கில் ஒன்றுமே இல்லை. தெருவில் எதிரே வந்திருந்தால் வழிவிட்டு ஒதுங்கிப் போயிருப்பேன்.

"தெரியுதுங்களா?"

"தெரியுது."

நான் சொன்னது பொய் என்று அவருக்குப் புரிந்தது. உள்பக்கம் திரும்பி இரண்டு டீ போடச் சொன்னார்.

"டீ வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே இருங்க" என்றார். "பழகிரும்."

முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கண்ணை இமைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த ஓரத்தில் அட்டையில் இருப்பவள் வந்து நின்றாள். திறந்தால் அந்தக் கிழவி. இமைக்காமல் இருக்கப் பார்த்தேன்.