நட்சத்திரம் போட்ட பெயர்கள்

மாலை ஐந்தரைக்கு மெயின் சுவிட்சை இறக்கியது நான்தான். உமைபா டீச்சர் வீட்டுக்குக் கிளம்பும்போது, லேபில் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், அதை மட்டும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். காதில் விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். குடகுமலைப் பக்கம் மின்னல் வெட்டியது. ஆள் இல்லாத அறையில் கரண்டு எதற்கு? மெயினை இறக்கியதும் யு.பி.எஸ். கீகீ என்று கத்தியது. அதன் கழுத்தையும் திருகி அணைத்துவிட்டுப் பூட்டினேன்.

மாங்கொல்லி ஹைஸ்கூலுக்கு நான் பெற்றோர் சங்கமான பி.டி.ஏ. போட்ட வாட்ச்மேன். சாயங்காலம் பூட்டுவது, காலையில் திறப்பது, மணியடிப்பது. கம்ப்யூட்டர் லேபை எனக்குப் பிடிக்காது. கேட்டால் பதில் சொல்லாத பொருளை நான் நம்புவதில்லை.

அது பத்தாம் வகுப்புக்கு கம்ப்யூட்டர் பரீட்சை நடக்கும் சமயம். முதல் நாள் நாற்பத்திரண்டு பிள்ளைகள் எழுதி முடித்திருந்தார்கள். மீதிப் பேர் மறுநாள் பத்து மணிக்கு. முதல் நாள் பிள்ளைகள் எழுதியதெல்லாம் நான் கரண்டைப் பிடுங்கிய அந்த ஒரே மெஷினில்தான் கிடந்தது. வேறு எங்கும் நகல் இல்லை.

காலை எட்டு மணிக்கு டீச்சர் வந்து பொத்தானை அழுத்தினார். படம் வரவில்லை. கறுப்புத் திரையில் நாலு வெள்ளை எழுத்து, ஒரு கோடு மினுக் மினுக்கென்று. டீச்சர் முகம் வெளுத்தது. நான் வாசலில் துடைப்பத்தோடு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஹெட்மாஸ்டர் பௌலோஸ் சார் பயந்துபோய்க் கடைத்தெருவிலிருந்து ஷிஜோவை வரவழைத்தார். ஷிஜோ கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன், கழுத்தில் தடித்த சங்கிலி, பைக்கை வராந்தா வரைக்கும் ஏற்றி நிறுத்துகிறவன். வந்தவுடன் நாற்காலியை இழுத்துப்போட்டுத் தட்ட ஆரம்பித்தான். டிஸ்க் போய்விட்டது போலிருக்கிறது, உள்ளே இருக்கிற பேக்கேஜ் எல்லாம் பாதி பாதியாகக் கிடக்கிறது, மொத்தமாகப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டால் அரை மணி நேரத்தில் ஓடும் என்றான். சாருக்கு அரை மணி நேரம் என்ற வார்த்தையே போதுமாயிருந்தது. தலையை ஆட்டினார்.

பேக்கேஜ் என்றால் என்ன என்று டீச்சரைக் கேட்டேன். கம்ப்யூட்டர் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொதி உண்டாம். ஒரு பொதி இன்னொன்றை நம்பி நிற்குமாம், அது வேறொன்றை. எதை வைப்பது, எதை எடுப்பது என்று ஆளே அந்தக் கறுப்புத் திரையில் எழுத்தால் உத்தரவு போடலாமாம். ஒன்றை உருவினால் அதை நம்பி நிற்பதெல்லாம் சேர்ந்து வரும் என்றார். அது எனக்குப் புரிந்தது. மரக்குச்சிப் பந்தல் போட்டவனுக்கு இது புரியாமல் போகாது.

ஷிஜோ ஒரு வரி அடித்தான். திரை முழுக்கப் பெயர்களாக வந்து நிறைந்தது. கடைசியில் ஒரு கேள்வி, சரியா இல்லையா என்று. ஷிஜோ அதைப் படிக்கக்கூட இல்லை. விரல் சரி என்ற எழுத்துக்குப் போய்விட்டது.

"கையை எடு" என்றார் டீச்சர்.

"டீச்சரே, இது எப்பவும் கேக்கிறதுதான்."

"கேக்குதுல்ல? அப்போ படிச்சுட்டுச் சொல்லுவோம்."

டீச்சர் குனிந்து, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். அறுபத்தொரு பெயர். ஷிஜோ கடிகாரத்தைப் பார்த்தான், சாரைப் பார்த்தான், என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் சிரிக்கவில்லை. ரெஜிஸ்டர் ஆபீசில் குமாஸ்தா விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து அழுத ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். நாற்பதாவது பெயரிலோ எதிலோ டீச்சரின் விரல் நின்றது.

"இது பிள்ளைங்க எழுதினது கிடக்கிற பெட்டி."

"அதைத் திரும்பப் போடும்போது அதுவும் வந்துரும் டீச்சரே."

"பெட்டி வரும். உள்ளே இருக்கிறது?"

டீச்சர் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த புள்ளி மாதிரி ஒன்றைக் காட்டினார். சின்ன நட்சத்திரம். எல்லாப் பெயருக்கும் பின்னால் இருந்தது. பொதியை மட்டும் எடுக்கிற உத்தரவு வேறு, வேரோடு மண்ணோடு எடுக்கிற உத்தரவு வேறு. வேரோடு எடுக்கப் போகிறதென்றால் மெஷின் நட்சத்திரம் போட்டுக் காட்டுமாம். ஷிஜோ இரண்டாவதைத்தான் அடித்திருந்தான். டீச்சர் அவன் கைக்கு மேலாக நீட்டி, இல்லை என்ற எழுத்தை அழுத்தினார். மெஷின் மறு பேச்சில்லாமல் நிறுத்திக்கொண்டது. எதையும் தொடவில்லை.

அப்போதுதான் எனக்கு அதன்மேல் முதன்முதலாக ஒரு மரியாதை வந்தது. வீட்டை இடிக்க வந்தவன், இந்தச் சுவர், இந்தக் கதவு, இந்தத் தொட்டில் என்று பட்டியல் படித்துவிட்டு உத்தரவுக்கு நிற்பதை நான் எங்கும் பார்த்ததில்லை.

ஆனால் ஷிஜோ விடவில்லை. டிஸ்க் கெட்டுப்போயிருந்தால் இப்படி ஓட விடுகிற ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம், இன்னும் கெடும் என்றான். அது உண்மைதான் என்று டீச்சரும் சொன்னார். அப்படியானால் உடனே அணைத்து, கழற்றி, நகரத்துக்கு அனுப்ப வேண்டும். கிடைத்தால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் நாற்பத்திரண்டு பேரும் மறுபடி எழுத வேண்டும். டீச்சரின் கை அணைக்கிற பொத்தான்மேல் போய்விட்டது.

நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன்.

"டிஸ்க் ஒண்ணும் கெடல. நான்தான் கரண்டை நிறுத்தினேன்."

பௌலோஸ் சார்தான் முதலில் வாய் திறந்தார். "சொல்லியிருந்தாங்களேடோ உன்கிட்ட?"

"சொன்னாங்க. நான் கேக்கல."

டீச்சர் திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான். "எத்தனை மணிக்கு, குஞ்ஞம்பேட்டா?"

"அஞ்சரை."

டீச்சர் ஏதோ அடித்தார். வரி வரியாக மணியும் நிமிஷமும் போட்ட ஒரு கணக்கு வந்தது. முந்தைய நாள் அந்த மெஷின் எந்தப் பொதியை எப்போது பிரித்தது, எப்போது அடுக்கியது என்று அதுவே எழுதி வைத்திருந்த குறிப்பு. அதற்கு முன்னாலிருந்த நாட்களுக்கும் இருந்தது. கடைசி வரியில் ஐந்து முப்பத்துநாலு. ஆபீஸ் கடிகாரம் நாலு நிமிஷம் பின்னால் ஓடுவது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைத் திருப்பி வைக்கிறவன் நான்.

"பொருந்துது" என்றார் டீச்சர். "நகல் எடுக்காம அப்டேட் போட்டது என் தப்பு. அதை நாம பெறகு பேசலாம், சாரே. இப்போ மெஷின் சாகல. பாதியில நின்னிருக்கு, அவ்வளவுதான்."

ஒற்றை வரி அடித்தார். பாதியில் நிற்பதையெல்லாம் முடி என்று அர்த்தமாம். பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. வேலைக்காரனை நடுவில் கூப்பிட்டுவிட்டுத் திரும்ப அனுப்பினால், விட்ட இடம் எது என்று அரை நாள் தேடுவான், தேடிவிட்டு உன்மேல் பழி போடுவான். இது விட்ட இடத்திலேயே குனிந்து வேலையை எடுத்தது.

ஓடிக்கொண்டிருந்தது ஓரிடத்தில் நின்றது. மூன்று பொதி குறைகிறது, அவை இல்லாமல் மற்றவற்றை அடுக்க முடியாது என்று சொன்னது. இறக்கிக்கொள்ளலாம் என்றால் முந்தைய நாள் மழையில் மரம் விழுந்து நெட் இல்லை. ஷிஜோ, "நான் அப்பவே சொன்னேன்" என்று பைக் சாவியைச் சுழற்றினான். மணி ஒன்பது பத்து.

டீச்சர் எழுந்து ஜன்னலோர மெஷினுக்குப் போனார். அதில் சனிக்கிழமையே இதே அப்டேட் முடிந்திருந்தது. இறக்கிய பொதிகளை ஒரு மெஷின் உடனே வீசிவிடாமல் ஓர் அறையில் போட்டு வைக்குமாம். மூன்றும் அங்கே இருந்தன. பென் டிரைவில் எடுத்து வந்து இந்த மெஷினின் அதே அறையில் வைத்துவிட்டு, குறையைச் சரிசெய் என்று ஒரு வரி அடித்தார். மறுபடியும் பட்டியல், மறுபடியும் கேள்வி. இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தார்.

"புதுசா வைக்கிறது மூணு. வெளியிலேர்ந்து இறக்க வேண்டியது பூஜ்யம். எடுத்துப் போடுறது பூஜ்யம்."

"நட்சத்திரம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுகூட இல்ல."

"அப்போ சரின்னு சொல்லுங்க."

ஷிஜோ சிரித்தான். "கெழவனைக் கேட்டாத்தான் கம்ப்யூட்டர் ஓடும்போல."

"நீ படிக்காம அழுத்தப் போன. அவர் படிக்கச் சொல்றார்" என்றார் டீச்சர், திரும்பாமலே. அழுத்தினார்.

ஒன்பது நாற்பதுக்குத் திரையில் படம் வந்தது. பௌலோஸ் சார் சிலுவை போட்டுக்கொண்டார். டீச்சருக்கு அது போதவில்லை. பிள்ளைகளின் பட்டியலை என் கையில் கொடுத்து, பெயரைப் படிக்கச் சொன்னார். மலையாள எழுத்து எனக்கு வரும், மெதுவாக வரும். நான் ஒவ்வொரு பெயராகப் படித்தேன். அவர் மெஷினில் அந்தப் பிள்ளையின் வேலையைத் திறந்து பார்த்து, இருக்கிறது என்றார். ஷிஜோவும் சங்கிலியை உள்ளே தள்ளிக்கொண்டு விரல்விட்டு எண்ணினான். இரண்டாம் நாள் பிள்ளைகள் வாசலில் வரிசை கட்டிச் சத்தம் போட்டார்கள். சார் போய் அதட்டினார்.

நாற்பத்திரண்டாவது பெயர் ஹிபா ஷெரின். "இருக்கு" என்றார் டீச்சர். உடனே பென் டிரைவைச் செருகி எல்லாவற்றையும் நகல் எடுத்தார். அது முடிகிறவரைக்கும் கதவைத் திறக்கக் கூடாது என்றார்.

நான் கதவுக்குக் குறுக்கே நின்றேன். மணி பத்தைத் தாண்டிவிட்டது, மணியடிக்க வேண்டியவனும் நான்தான். சார் வெளியிலிருந்து தட்டினார்.

"டீச்சர் சொல்லட்டும், சாரே" என்றேன்.