ஈர வராந்தா

பொற்கொடி சோற்றைப் பிசைந்து புருசனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது பாலுசாமி வாசலை மறைத்துக்கொண்டு வந்து நின்றார். சென்னியப்பனின் வலக்கை முழங்கை வரைக்கும் கட்டுக்குள் இருந்தது. இடக்கையை ஊன்றி எழப் பார்த்தான்.

"உக்காருங்க, உக்காருங்க. சாப்புடுங்க."

பொற்கொடியின் கை பாதி வழியில் நின்றது. மதுக்கரைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பாலுசாமி தலைமை எழுத்தர். அங்கே மோட்டார் போடுவது, கரண்டு பீஸ் மாற்றுவது, குழாய் பார்ப்பது, கக்கூஸ் அடைப்பு எடுப்பது எல்லாவற்றுக்கும் சென்னியப்பன் ஒரே ஆள். இத்தனை வருடமும் அவனை அவர் "சென்னியா, வாடா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"ஏனுங்க சார், அவருக்குக் கரண்டு அடிச்சதும் உங்களுக்கு மரியாத வந்துருச்சாட்ட இருக்குது?"

"சும்மா இரு புள்ள" என்றான் சென்னியப்பன்.

பாலுசாமி சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ஆரஞ்சுப் பையையும் தரையில் வைத்தார். விரித்த பாயில் உட்காரவில்லை. காபி வைக்கட்டுமா என்று அவள் கேட்டதற்கு, இப்போதுதான் குடித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். ஷூவோடுதான் வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். அது அவருக்குத் தோன்றவே இல்லை.

"நாளைக்குக் கரண்டு இன்ஸ்பெக்டர் விசாரிக்க வாராருங்க. செருப்பு எப்புடி வெளிய கெடந்துச்சுன்னு கேப்பாரு. நீங்களாத்தான் கழட்டுனதாச் சொல்லிப்போடுங்க. உங்கள நெரந்தரம் பண்றதுக்குத் தாளாளர் ஐயா ஆர்டர் அடிக்கச் சொல்லீட்டாரு."

"அப்புடிச் சொல்லலீன்னா?" என்றாள் பொற்கொடி.

"அதப் பத்தி ஐயா ஒண்ணுஞ் சொல்லலியே அம்மணி."

"சொல்ல வேண்டியதில்லீங்க. தெரியுது."

நடந்தது இதுதான். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி, தாளாளர் அரங்கசாமியின் அறைக்கு வெளியே வராந்தாச் சுவரில் இருந்தது. மெயின் சுவிட்சின் கைப்பிடி போன வருடமே உடைந்துவிட்டது. மாற்றித் தரும்படி கேட்டுக் கேட்டு சென்னியப்பனுக்கு அலுத்துப்போனது. மின்சாரத்தை நிறுத்த வழியில்லாமல், விரிசல் விட்ட பீஸ் கட்டையை அப்படியே பிடுங்கிச் செருகுவான். காலில் கிடந்த ரப்பர் செருப்பு ஒன்றுதான் அவனுக்குக் காவல்.

காலனி ஆட்கள் அந்த வராந்தாவில் செருப்போடு ஏறக்கூடாது. அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாததால் யாரும் அழிக்கவும் முடியாது. வாத்தியார்கள் ஷூவோடு நடப்பார்கள். ஐயா அறையில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சென்னியப்பன் ஏறி, வேலையை முடித்து, இறங்கிவிடுவான்.

ஆயுத பூஜைக்காக வராந்தாவைக் கழுவிவிட்ட அன்று பீஸ் போயிற்று. தொட்டியில் தண்ணீர் இல்லை. ஐயா உள்ளே இருந்தார். செருப்போடு படியில் கால் வைத்தவனைப் பார்த்துப் பாலுசாமி, "கழட்டிப்போட்டு வாடா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பழகிய வாய் சொன்னது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று பீஸ் கட்டையைத் தொட்டவன் சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து பாலுசாமிக்குத் தூக்கம் இல்லை. அது உண்மை. ஹார்லிக்ஸ் வாங்கியது அதனால்தான். ஆனால் காலனிக்கு வந்தது ஐயா அனுப்பியதால்.

மறுநாள் தாளாளர் அறையில் விசாரணை.

"கழட்டச் சொன்னது யாருப்பா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

சொல்லிவிடு என்று ஒரு நொடி நினைத்தார் பாலுசாமி. சொல்லிவிடுவானோ என்று அடுத்த நொடி பயந்தார். இரண்டாவதுதான் பலமாக இருந்தது.

"நானாத்தானுங்க கழட்டுனேன்."

"வெவரந் தெரிஞ்ச ஆளு, ஈரத்துல ஏய்யா கழட்டுனே?"

சென்னியப்பன் யாரையும் பார்க்கவில்லை. "பழக்கமுங்க" என்றான்.

இன்ஸ்பெக்டர் 'கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டார்.

வெளியே பாலுசாமி அவன் பின்னாலேயே ஓடினார். "என்ற பேரச் சொல்லாம உட்டுட்டீங்களே."

"சொன்னா வெரலு மொளைக்குமுங்களா? ரெண்டு புள்ளைக இருக்குதுங்க. ஆர்டரு வரட்டும்."

அவன் திட்டியிருந்தால் பாலுசாமிக்கு அன்று தூக்கம் வந்திருக்கும்.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு திங்கட்கிழமை, காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் சென்னியப்பனுக்கு முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் வழங்கினார் அரங்கசாமி. தொழிலாளியின் உயிரே இந்தப் பள்ளியின் செல்வம் என்று மைக்கில் பேசினார். மேடைக்குக் கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய சென்னியப்பன், பூட்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினான். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கூட்டம் கலையுமுன்பே கக்கூஸில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு டீச்சர் வந்து சொன்னார். மறுபடி பீஸ். வராந்தாவை அப்போதுதான் துடைத்துவிட்டிருந்தார்கள். மெயின் சுவிட்சுக்குக் கைப்பிடி இன்னும் வரவில்லை. நிரந்தர ஆர்டர் ஐயாவின் மேசையில் கையெழுத்தாகாமல் கிடந்தது. ஐயா அறை வாசலில் நின்றார்.

விழாவுக்கு வந்திருந்த பொற்கொடி, பாலுசாமியிடம் கேட்டாள். "ஏனுங்க சார், இந்தப் பூட்ஸு எங்க போடறதுக்குங்க?"

"வேல செய்யறப்பத்தான் அம்மணி."

"அங்கயுமுங்களா?" என்று வராந்தாவைக் காட்டினாள்.

'ஆமாம்' என்று சொன்னால் போதும். பாலுசாமி தன் ஷூவின் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் வராந்தாப் படியிலேயே உட்கார்ந்தான். இடக்கையால் ஒரு பூட்ஸை இழுத்தான். ஏறவில்லை. பொற்கொடி குந்தி உட்கார்ந்து இரண்டையும் மாட்டிவிட்டாள். எழுந்து வராந்தாவில் கால் வைத்தான். புது ரப்பர் ஈரத்தில் கிறீச்சிட்டது. வாத்தியார்கள் பேச்சை நிறுத்தினார்கள். அரங்கசாமி அவனைப் பார்க்கவில்லை, பாலுசாமியைப் பார்த்தார்.

வேண்டாம் என்றுதான் பாலுசாமி நினைத்தார். ஆனால் குரல் அவருடையதுதான்.

"சென்னியப்பன்... பூட்ஸு... ஐயா நிக்கறாரு பாருங்க."

"கேக்குதுங்க" என்றான் சென்னியப்பன், திரும்பாமல், ஸ்டார்ட்டர் பெட்டியை நோக்கி நடந்துகொண்டே.