நாலு மணி வெடி

மூன்றாவது சட்டைக்குள் அப்பாவின் வலது கையை நுழைத்துக்கொண்டிருந்தாள் ருய்லான். இறுதி உடையை உயிர் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். போன பிறகு போட்டால் வெறும் உடம்போடு போனதாகிவிடும் என்பார்கள் தைஹாங் மலையடிவாரத்தில். ஐந்து அடுக்கு. பொத்தான் கூடாது, நாடாதான்.

“வேகுதுடி” என்றார் அப்பா துவான். டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டுப் போயிருந்தார். ஆனாலும் கிழவரின் வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. “மணி என்ன?”

“மூணே கால்.”

“நாலு மணிக்கு வெடி. அந்த ஜன்னலைத் திற.”

தம்பி யோங்பிங்கும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்மலையில் கல்குவாரி வந்து பதினோரு வருஷம். அத்தனை வருஷமும் இடுக்கில் காகிதம் ஒட்டிச் சாத்திய ஜன்னல் அது. ஒவ்வொரு வெடிக்கும் ஊரே மாவில் புரட்டியெடுத்த மாதிரி வெளுத்துவிடும். துவான் முக்காலி போட்டு லாரிகளை மறித்து உட்கார்ந்தவர். அவர் பெண்ணே அந்தக் குவாரியில் தூசி அடக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசத் தொடங்கியபின் வெறும் நக்கல்தான். “கழுதையைக் குளிப்பாட்டப் போறா என் பொண்ணு. ஒருநாள் வெடிக்கிறப்ப நான் ஜன்னலைத் திறந்து வச்சுப் படுக்கணும். அன்னிக்கு ஒத்துக்கிறேன்.”

தண்ணீரைப் பனித்துளியாகப் பீய்ச்சும் பனிப்பீரங்கி பாதித் தூசியைத்தான் பிடித்தது. வெடிக்குழிக்குள்ளேயே தண்ணீர்ப் பை வைக்க வேண்டும் என்று குவாரிக்காரர்களோடு அவள் ஆறு மாதம் மல்லுக்கட்டி, இன்றைக்குத்தான் முதல் தடவை.

அவள் காகிதத்தைக் கிழித்து ஜன்னலைத் திறந்தாள்.

“கிளம்பு” என்றார் துவான். “அந்த மேஸ்திரி ஷீ பயல் பையை ஒழுங்கா வைக்க மாட்டான்.”

“அக்கா போகக்கூடாது” என்றான் யோங்பிங். “கடைசி மூச்சுக்குப் பெத்த பொண்ணு பக்கத்துல இல்லன்னா ஊரே காறித் துப்பும்.”

“மலைதான் பதினோரு வருஷமா துப்புது. வெள்ளை வெள்ளையா. எவனாச்சும் கேட்டானா?” அவருக்கு மூச்சு வாங்கியது. “போடி. மிச்சச் சட்டைய இவன் போடுவான்.”

ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது, கிழவர் சொன்னது அப்படியே நடந்திருந்தது. நான்கு வரிசைக் குழிகளில் இரண்டில்தான் பை. மேஸ்திரி ஷீ கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

“இது போதும்மா. இருபது லாரி நிக்குது.”

“போதாது அண்ணே. நீங்க தள்ளுங்க.”

வெடிமருந்துக்கு மேல் பை, பைக்கு மேல் ஈரக் களிமண். முழங்காலிட்டுத் தானே திணித்தாள். கடைசிக் குழி முடியும்போது நாலு அடித்து ஐந்து நிமிஷம். ஆட்களை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கம்பத்தில் கட்டிய சிவப்புத் துணி ஊரைப் பார்த்து விறைத்து நின்றது.

“நிறுத்துங்க! காத்து ஊர்ப்பக்கம் போகுது.”

“விளையாடுறியா?” என்று கத்தினார் ஷீ.

போன் அடித்தது. யோங்பிங். “அக்கா, மூச்சு விட்டு விட்டு இழுக்குது. இப்பவே வா.”

இப்போதே வெடிக்கச் சொல்லிவிட்டு ஓடினால் அப்பாவின் முகத்தைப் பார்க்கலாம். வெள்ளைப் புழுதி படிந்த முகத்தை.

“ஜன்னலைச் சாத்திடவா அக்கா?”

“சாத்தினா கையை உடைப்பேன்.”

நாலு பத்து. நாலு பதினைந்து. துணி தளர்ந்தது, சுருண்டது, மெல்ல மலைப்பக்கம் திரும்பியது.

“இப்ப! இப்ப அடிங்க!”

தரை குலுங்கியது. பாறை சரிந்தது. பனிப்பீரங்கிகள் இரண்டும் உறுமின. இடுப்பு உயரத்துக்கு ஒரு வெண்மை எழுந்து, எழுந்த இடத்திலேயே நனைந்து உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான்! லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். “அட, இவளே!” என்று ஷீ தலைக்கவசத்தைத் தூக்கி எறிந்தார். ருய்லான் தொண்டை கிழியக் கூவிக்கொண்டே ஸ்கூட்டருக்கு ஓடினாள்.

வீட்டு வாசலில் யோங்பிங் சாவு வீட்டுக்கு அடையாளமான வெள்ளைத் தாளை ஒட்டிக்கொண்டிருந்தான். அவள் ஸ்கூட்டரை நிறுத்தாமல் அப்படியே கீழே போட்டாள்.

“சத்தம் கேட்டுச்சு அக்கா. ஜன்னலையே பார்த்துட்டு இருந்தார். நானும் பார்த்தேன். ஒண்ணும் வரல. ‘தூசி எங்கடா?’ன்னு கேட்டார். ‘வரலப்பா’ன்னேன். ‘நல்லாப் பாரு’ன்னார். நல்லாப் பார்த்தும் வரலன்னேன்.” அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “அப்படியே ஒரு மூச்சு இழுத்தார் பாரு. அவ்வளவு பெரிய மூச்சை நான் பார்த்ததே இல்ல. அதோட சரி.”

உள்ளே அப்பா ஐந்து சட்டையோடு கிடந்தார். அவள் கன்னத்தைத் தொட்டாள். இன்னும் சூடு இருந்தது. பிந்திவிட்டாள். ஆனாலும் உடம்பு முழுக்கத் துள்ளிக்கொண்டிருந்த அந்தச் சந்தோஷம் அடங்க மறுத்தது.

போனவர் சாப்பிடவென்று அத்தை தலைமாட்டில் ஒரு கிண்ணம் சோறு வைத்து, சாப்பிடும் குச்சிகள் இரண்டை அதில் நட்டாள். பிறகு குச்சிகளைப் பிடுங்கிக் கிண்ணத்தின்மேல் ஒரு மூடியைக் கவிழ்த்தாள். தூசிக்குப் பயந்து பதினோரு வருஷமாக அந்த ஊரில் எதையும் மூடாமல் வைத்ததில்லை.

“ஏன் அத்தை,” என்றாள் ருய்லான், “மூடி வச்சா அவர் எப்படிச் சாப்பிடுவார்?”

அத்தை ஜன்னலைப் பார்த்தாள். மூடியை எடுத்தாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.